நெற்றி படும் தரையில் விழும் வெளிச்சம்

பள்ளிவாசலைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் முத்தவல்லிகளுக்கும் கட்டடக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



தமிழ்நாட்டில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிவாசலில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை, பழைய கூரை ஒழுகுகிறது, வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்ப முன்வருகிறார்கள். இடிப்பதற்கும் கட்டுவதற்கும் உங்களிடம் நியாயமான காரணங்கள் உண்டு. அப்படிப்பட்ட சில கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மினாரா எத்தனை அடி, கிரானைட் என்ன நிறம், ஏசி எத்தனை டன், கார்பெட்டில் ஸஃப்புக்குக் கோடு வேண்டுமா என்றெல்லாம் இரவு வரை பேச்சு நீளும். உள்ளே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று எவரும் கேட்டதை நான் கண்டதில்லை. அந்தக் கேள்வியை உங்கள் அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் தொழுகை நேரங்கள் சூரியனோடு கட்டப்பட்டவை. கிழக்கே வெண்மை படர்ந்தால் சுபுஹு. உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்தால் லுஹர். மறைந்தால் மஃரிப். மேற்கில் செம்மை அடங்கினால் இஷா. அஸருக்கு மட்டும் அளவு வேண்டும். நட்டு வைத்த குச்சியின் நிழல், நண்பகலில் இருந்ததைவிடக் குச்சியின் நீளத்துக்குக் கூடியதும் ஷாஃபி மத்ஹபில் அஸர் வந்துவிடும்; ஹனஃபி மத்ஹபில் அந்த நீளத்தின் இரு மடங்கு கூட வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் அந்தக் குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடிகாரம் பரவுவதற்கு முன் மோதினார் இதையெல்லாம் பார்த்துத்தான் பாங்கு சொன்னார். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் இருக்கும் நிழற்கடிகாரம் அந்தக் காலத்தின் சாட்சி.

இப்படி வானத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வந்து நிற்கும் மனிதனை, காலையா மாலையா என்று தெரியாத ஒரு அறைக்குள் நாம் நிறுத்திவிடுகிறோம். புதுப்பிக்கப்பட்ட பள்ளிகள் பலவற்றில் இன்று அதுதான் நடக்கிறது. ஏசி வந்ததும் சன்னல்கள் மூடப்படுகின்றன. மூடிய சன்னலுக்குத் திரை போடப்படுகிறது. ஃபால்ஸ் சீலிங் இறங்குகிறது, அதில் எல்இடி பலகைகள் பதிக்கப்படுகின்றன. நட்ட நடுப்பகலில் லுஹர் தொழ விளக்கு எரிகிறது. சுபுஹுக்கும் அதே வெளிச்சம், அஸருக்கும் அதே வெளிச்சம். நேரத்தைச் சொல்ல மிஹ்ராபுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடும் ஒரு பலகை மாட்டுகிறோம். தொழுகைக்கு நிற்பவரின் கண்ணுக்கு நேரே அசையும் அந்தச் சிவப்பு, கவனத்தைக் கலைப்பதற்கென்றே செய்து மாட்டியதுபோல் இருக்கிறது. நேரப் பலகை வேண்டுமானால் பின்சுவரில் மாட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொழுகிறவரின் கண் எங்கே இருக்கிறது? ஸஜ்தா செய்யும் இடத்தில். தக்பீர் கட்டியது முதல் பார்வையைத் தாழ்த்தி, நெற்றி படப்போகும் தரையை நோக்கியே நிற்கப் பழகியிருக்கிறோம். ஆக, தொழுகைக்குள் இருக்கும்போது ஒருவர் காணும் பள்ளிவாசல், அவர் பாதத்துக்கும் முன் ஸஃப்பில் நிற்பவரின் குதிகாலுக்கும் இடைப்பட்ட கொஞ்சம் தரை. குப்பாவின் உள்வேலைப்பாட்டையும் சரவிளக்கையும் அவர் அப்போது பார்ப்பதில்லை. அந்தத் தரையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதே அவர் மனம் ஒருமிப்பதையோ சிதறுவதையோ பெரிதும் தீர்மானிக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் பதித்தால் கூரையிலிருக்கும் ஒவ்வொரு விளக்கும் தரையிலும் ஒரு விளக்காகத் தெரியும். குனிந்த கண்ணுக்குள் அது நேராக அடிக்கும். பக்கவாட்டுச் சன்னலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் சாய்வாக, மெல்ல வந்து தரையில் படியும். பாயின் கோரை இழையையும் கல்லின் சொரசொரப்பையும் காட்டும். கண் அதிலேயே தங்க முடியும்.

தொழுகைக்கு வெளியே நிலைமை வேறு. பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே காத்திருக்கும் நேரம், குத்பா கேட்கும் நேரம், ரமளானில் அஸர் தொழுதுவிட்டு நோன்புக் கஞ்சிக்கு முன் குர்ஆனோடு உட்கார்ந்திருக்கும் நேரம், இஃதிகாஃப் இருக்கும் நாட்கள். அப்போதுதான் கண் உயர்ந்து கட்டடத்தைப் பார்க்கிறது. எந்தப் பழைய பள்ளியிலும் பாருங்கள்: ஓதுகிற பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு தூண் இருக்கும். அது பெரும்பாலும் சன்னலோரத் தூணாக, எழுத்து தெளிவாகத் தெரியும் தூணாக இருக்கும். அவர்கள் அங்கே உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. பொடி எழுத்து முஸ்ஹஃபை வாசிக்க வெளிச்சம் எங்கே நல்லது என்று பல ஆண்டுப் பழக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது கிப்லாச் சுவர். நம் ஊரில் கிப்லா மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கிறது. கணக்குப்படி சென்னையில் மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 18 பாகை, காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 24 பாகை. காயல்பட்டினத்தில் ஜூன் மாதக் கடைசி வாரங்களில் சூரியன் மறையும் திசையும் கிப்லாவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும் மக்காவில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். நம் கடிகாரப்படி மே மாதம் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நிமிடத்தில் சூரியன் நிற்கும் திசையை நோக்கி நின்றால் கிப்லாவை நோக்கி நிற்கிறீர்கள். திசை சரிபார்க்க இதைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். இதிலேயே கட்டடம் கட்டுவோருக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: கோடையின் பிற்பகல் வெயில் முழுவதும் நமக்குக் கிப்லாச் சுவரின் பக்கமிருந்தே வருகிறது. அந்தச் சுவரில் ஆளுயரத்துக்குக் கண்ணாடி போட்டால், அஸர் தொழ நிற்கும் ஜமாஅத் முழுவதும் வெயிலை எதிர்த்து நிற்கும். இமாம் கறுத்த நிழலுருவமாகத் தெரிவார். ஓர் ஊரில் இப்படிக் கட்டிவிட்டு, மறு கோடைக்குள் கண்ணாடி மேல் கறுப்புத் தாள் ஒட்டினார்கள்.

இதே சிக்கலை அகமதாபாதில் 1573-இல் தீர்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க வழிவந்த சீதி சையது கட்டிய சிறிய பள்ளிவாசல் அது. குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிந்த ஆண்டிலேயே கட்டப்பட்டது. அங்கும் கிப்லா மேற்கே. மேற்குச் சுவரை அவர்கள் முழுக்க மூடவில்லை. தலைக்கு வெகு உயரத்தில், வளைவுகளின் மேற்பகுதியில், மரமும் கொடியும் பின்னிய கல்சாளரங்களைப் பதித்தார்கள். ஒரே கல்லில் செதுக்கியதுபோல் தோன்றும் அந்த மரம்தான் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் சின்னத்துக்கு மூலம். பிற்பகல் வெயில் அதன் வழியே வரும்போது கிளைகளுக்கிடையே சல்லடைபட்டு, கூசும் தன்மையை இழந்து வருகிறது. நிற்பவர்களின் பார்வைக் கோட்டுக்கு மேலே அது இருப்பதால் கண்ணையும் தொந்தரவு செய்வதில்லை. எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. மிஹ்ராபுக்கு மேலே உள்ள நடு வளைவில் சாளரம் கிடையாது; வெறும் கல்லால் அடைத்திருக்கிறது. ஏன் அப்படி விடப்பட்டது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். விளைவை மட்டும் நான் சொல்கிறேன்: எல்லோரும் முகம் திருப்பி நிற்கும் இடத்தில் அமைதி இருக்கிறது, வெளிச்சம் இரு பக்கமும் விலகி நிற்கிறது.

சல்லடைக்கு இவ்வளவு வேலை செய்ய முடிவது ஏன் என்று பொறியாளரிடம் கேளுங்கள். துளை சிறிதாகவும் சுவர் தடிமனாகவும் இருந்தால் சூரியன் நேரே உள்ளே பாய்வது ஒரு சில கோணங்களில்தான். மற்ற நேரமெல்லாம் துளையின் பக்கச் சுவர்களில் பட்டு, ஒளி திரும்பி வருகிறது. கண்ணாடிச் சன்னல் இதைச் செய்யாது. இன்று சிமென்ட் ஜாலி கிடைக்கிறது, சுட்ட மண் ஜாலி கிடைக்கிறது, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கவும் கொத்தனார்களுக்குத் தெரியும். இவை ஏசிபி ஷீட்டைவிட விலை கூடியவை அல்ல.

வெளிச்சத்தை ஒழுங்குபடுத்த முதலில் இருட்டைக் கொடுத்த பள்ளி ஒன்று ஈரானின் இஸ்ஃபஹானில் இருக்கிறது. ஷா அப்பாஸ் காலத்தில், 1603-இல் தொடங்கி 1619 வரை கட்டிய ஷேக் லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசல். அதற்கு மினாரா இல்லை, முற்றமும் இல்லை. வெயில் கொதிக்கும் பெரிய மைதானத்திலிருந்து உள்ளே நுழைந்தால் நேராகத் தொழும் கூடத்துக்குப் போக முடியாது. மங்கலான ஒரு நடைபாதை வளைந்து வளைந்து கூட்டிப்போகும். மைதானம் ஒரு திசையிலும் கிப்லா வேறொரு திசையிலும் இருப்பதால் அந்த வளைவு தேவைப்பட்டது. ஆனால் அந்த நடைபாதை செய்யும் காரியம் அதைவிடப் பெரிது. வெளிவெயிலில் சுருங்கிய கண்மணி அந்த இருட்டில் மெல்ல விரிகிறது. கடைத்தெருவின் சத்தமும் பின்னால் தங்கிவிடுகிறது. அதன்பின் குவிமாடத்தின் கீழே வந்து நிற்கும்போது, அதன் கழுத்தைச் சுற்றியுள்ள சல்லடைச் சாளரங்கள் வழியே வரும் கொஞ்ச வெளிச்சமே நிறைவாகத் தெரிகிறது. பளிச்சென்று ஆக்க அங்கே அதிக வெளிச்சம் தேவைப்படவில்லை. கண்ணைத் தயார்செய்ய நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பழைய பள்ளிகளும் இதைச் செய்தன, வேறு வழியில். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் கல்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து உள்ளே வந்தால் திறந்தவெளி. ஒளு செய்ய ஹவுள். பிறகு தூண்கள் வரிசையிட்ட வெளிப்பள்ளி, அதன்பின் உள்பள்ளி. வெயில், அரை நிழல், நிழல் என்று படிப்படியாக உள்ளே வருகிறோம். தாழ்ந்த கல்கூரை, உருவம் எதுவும் செதுக்காமல் பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய கருங்கல் தூண்கள். அந்தச் செதுக்கலின் ஆழம் சில நூல் அளவுதான். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும். நேர் மேலே டியூப்லைட் மாட்டியதும் அது மறைந்துவிடும். தூணுக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் முற்றிலும் போய்விடும். இந்த இரண்டையும் எத்தனை பள்ளிகளில் செய்திருக்கிறோம்!

ஹவுளைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குப் பக்கம் ஹவுள் இருக்கும் பள்ளிகளில், காலையின் தாழ்ந்த சூரியன் நீரில் பட்டு எழும்பி வெளிப்பள்ளியின் கூரையின் அடிப்பக்கத்தில் அலையாடும். சுபுஹு தொழுதுவிட்டு வழீஃபா ஓதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், வெளியே போய்ப் பார்க்காமலே சூரியன் எழுந்துவிட்டதை அதைக் கண்டு அறிவார்கள். இப்போது ஹவுளைத் தூர்த்து வரிசையாகக் குழாய் வைப்பது வழக்கமாகிவிட்டது. சுத்தம் பற்றியும் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றியும் நீங்கள் சொல்லும் காரணங்களை மறுக்கவில்லை. குழாய் வையுங்கள். ஹவுளையும் விட்டுவையுங்கள்.

திறந்த முற்றம் இல்லாத பெரிய பள்ளி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் கலபுரகிக் கோட்டைக்குள் 1367-இல் பாமினி சுல்தான்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசலில் முழுப்பரப்புக்கும் மேலே கூரை. அப்படியானால் நடுவே கும்மிருட்டாக இருக்க வேண்டுமே. ஓரங்களில் மிக அகன்ற, தாழ்ந்து தொடங்கும் வளைவுகளைத் திறந்தே விட்டார்கள். வெளிச்சம் தரையோடு தவழ்ந்து உள்ளே வருகிறது. மிஹ்ராபை ஒட்டிய பெரிய குவிமாடத்தை மட்டும் மற்றவற்றைவிட உயர்த்தி, அதன் அடியில் சாளரங்கள் வைத்தார்கள். உள்ளே நின்றால் திசைகாட்டி வேண்டாம். எந்தப் பக்கம் முகம் திருப்ப வேண்டும் என்பதை வெளிச்சம் சொல்லிவிடும். இடப் பற்றாக்குறையால் முற்றத்துக்கும் கூரை போட நினைக்கும் ஜமாஅத்கள் ஒரு முறை கலபுரகி போய் வரலாம். துருக்கியின் எதிர்னேயில் கட்டடக் கலைஞர் சினான் 1568-க்கும் 1575-க்கும் இடையே எழுப்பிய செலிமிய்யே இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: ஏறக்குறைய 31 மீட்டர் அகலக் குவிமாடத்தின் பாரத்தை எட்டுத் தூண்களில் இறக்கிவிட்டதால் சுவர் சுமை தூக்க வேண்டியதில்லை, அடுக்கடுக்காகச் சாளரம் திறக்க முடிந்தது. அழகுதான். ஆனால் அது குளிர்நாட்டின் தீர்வு. நம் ஊரில் அத்தனை சாளரம் திறந்தால் வெந்துபோவோம்.

நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான புதிய உதாரணம் டாக்காவில் இருக்கிறது. மரீனா தபஸ்ஸும் வடிவமைத்து 2012-இல் முடிந்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல். நிலம் அவருடைய பாட்டி கொடுத்தது. கட்டியது உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர்ச் செங்கல்லில். குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. 2016-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. மனை ஒரு திசையில், கிப்லா 13 பாகை விலகி வேறொரு திசையில். நம் தெருக்களிலும் அடிக்கடி வரும் சிக்கல் இது. வெளியே சதுரம், அதற்குள் ஒரு வட்டச் சுவர், அந்த வட்டத்துக்குள் கிப்லாவை நோக்கித் திருப்பிய தொழும் கூடம் என்று அவர் தீர்த்தார். இப்படிச் செய்ததால் ஓரங்களில் நான்கு சிறிய வெளிச்ச முற்றங்கள் கிடைத்தன. அவற்றிலிருந்து வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. செங்கல் சுவர்களே சல்லடை. கூரையில் ஆங்காங்கே வட்டத் துளைகள். தரையில் வெயில் காசு காசாக விழுந்து, நேரம் போகப் போக நகர்கிறது. கிப்லாச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு பிளவு. அதன் வழியே வெளிச்சம் மட்டும் தெரியும்; தெருவில் போகிறவர் தெரியாதபடி அதைச் சாய்த்து அமைத்திருக்கிறார்.

இதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. கூரைத் துளையை அளவறிந்து வைக்க வேண்டும். டாக்கா கடகரேகைக்கு அருகே இருக்கிறது. நாம் இன்னும் தெற்கே. நமக்குச் சூரியன் ஆண்டுக்கு இரு முறை நேர் உச்சிக்கு வருகிறது, மற்ற மாதங்களிலும் அதிகம் விலகுவதில்லை. கூரையில் அகலமாகக் கண்ணாடி பதித்தால் லுஹருக்குத் தலை கொதிக்கும், ஏசியும் திணறும். நமக்குப் பொருத்தம், கூரையின் ஒரு பகுதியை உயர்த்தி, அந்த உயரத்தின் பக்கங்களில், முக்கியமாக வடக்கில், சன்னல் வைத்து மேலே தாழ்வாரம் இறக்குவது. சூடான காற்றும் அதன் வழியே வெளியேறும். அதேபோல வண்ணக் கண்ணாடி. ஷீராஸின் நஸீருல் முல்க் பள்ளியின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு, அதுபோல வேண்டும் என்று கேட்கிறார்கள். 1876-க்கும் 1888-க்கும் இடையே கட்டிய அந்தப் பள்ளியில் வண்ணக் கண்ணாடி இருப்பது குளிர்காலத் தொழுகைக் கூடத்தில். குளிரில் நடுங்கி வருபவருக்குக் காலை வெயில் வேண்டியிருக்கிறது. நம் மேற்குச் சன்னலில் வண்ணத் தாள் ஒட்டினால் அஸர் ஸஜ்தாவில் நெற்றிக்குக் கீழே சிவப்பும் பச்சையும் ஓடும்.

மூடுவது எவ்வளவு எளிது, திறப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்பெயினின் கொர்தோபா இருக்கிறது. 785-ஐ ஒட்டித் தொடங்கிய அந்தப் பெரும்பள்ளியின் தூண் காடு, முற்றத்தை நோக்கி வளைவு வளைவாகத் திறந்திருந்தது. 1236-இல் அது தேவாலயமானது. காலப்போக்கில் வளைவுகள் அடைபட்டன, ஓரங்களில் சிற்றாலயங்கள் எழுந்தன, 16-ஆம் நூற்றாண்டில் நடுவே உயர்ந்த தேவாலயக் கூடம் ஒன்று செருகப்பட்டது. இன்று போகிறவர்கள் அந்தத் தூண்களுக்கிடையேயான மங்கலை மர்மம் என்று வியக்கிறார்கள். கட்டியவர்கள் அந்த மங்கலை வைக்கவில்லை. முற்றத்திலிருந்து வந்த வெளிச்சம் அடைபட்டதன் எச்சம் அது. அங்கே மூடியவர்கள் வேறு சமயத்தார். இங்கே நம் பள்ளிகளை நாமே, நம் பணத்தில் மூடுகிறோம்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மே மாத ஜும்ஆவில், நெருக்கியடித்த கூட்டத்தில், வயதானவர்கள் மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏசி தேவைப்படுவது வாரத்தில் சில மணி நேரம். அதற்காக ஆண்டு முழுவதும் சன்னலை ஆணியடித்து வைக்க வேண்டியதில்லை. திறந்து மூடக்கூடிய கதவு போடுங்கள். வெளிச்சம் வரும் மேல்சாளரத்துக்கு மட்டும் நிலையான கண்ணாடி போதும்.

வரைபடம் கேட்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். செலவில்லாதது. மதரஸாப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்து, லுஹருக்கும் அஸருக்கும் தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று மாதம் ஒரு முறை கோடு போடச் சொல்லுங்கள். எந்தச் சன்னல் எந்த மாதம் கூசுகிறது, எந்தத் தூணடியில் விளக்கில்லாமல் ஓத முடிகிறது என்று குறித்து வைக்கட்டும். மோதினாரிடம் கேளுங்கள், ஐந்து வேளையும் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர் அவர்தான். கட்டடக் கலைஞர் வந்ததும் அந்தக் குறிப்பேட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக, பெண்கள் தொழும் இடம். நம் பள்ளிகள் பலவற்றில் அது கிடையாது. இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் அது கீழ்த்தளம், அல்லது மாடிப்படியை ஒட்டிய பின்னறை. பர்தாவுக்காகச் சன்னல் முழுக்க அடைத்து, ஒரே ஒரு டியூப்லைட். மறைவு வேண்டும் என்பதற்கும் இருட்டில் வைப்பதற்கும் தொடர்பே இல்லை. உயரத்தில் சாளரம் வைத்தால் வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாது. ஜாலி வைத்தால் பகலில் உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. சீதி சையது பள்ளியின் கல்மரமும் டாக்காவின் செங்கல் சுவரும் செய்யும் வேலையைப் பெண்கள் அறைக்கும் செய்யச் சொல்வதில் என்ன தடை? கடலோர ஊர்களில் பெண்கள் தொழும் தைக்காக்கள் சில இருக்கின்றன. அங்கே நடு முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓதிப் பழகியவர்களிடம், புதுப் பள்ளியின் பின்னறைக்கு வரச் சொன்னால் வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கட்டடக் குழுக் கூட்டத்துக்கு அவர்களில் சிலரையும் அழையுங்கள். அவர்கள் அறையின் சன்னல் எங்கே, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும், வரைபடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் முன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஸஃப்பில் நிற்கும் ஒருவன்